குடியை விட்டு ஆறு மாதம், மனுசன் இன்னும் ஏன் இப்படி?

மட்டக்களப்பின் எழுவான்கரையில், கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார் 37 வயதான ஒரு சகோதரி. முன்பள்ளி ஆசிரியை. கணவருக்கு 41 வயது, மேசன் வேலை. சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள் மளமளவென்று எழும்பிய காலத்தில், 22 வயதில், நாட்சம்பளத்தோடு குடியும் வந்து சேர்ந்திருக்கிறது. 2008இல் கல்யாணம். 15 வயதில் ஒரு மகன், 9 வயதில் ஒரு மகள். கடைசி ஏழெட்டு வருடமாக, காலையில் ஒரு வாய் சாராயம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நின்று சாந்தகப்பை பிடிக்க முடியும் என்ற நிலை. காசில்லாத நாளில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம். வெறியில் இரண்டு தடவை மனைவிக்குக் கை நீட்டியிருக்கிறார்.

கடந்த வைகாசியில், கண்ணகி அம்மன் கோவிலில் வருடாந்தச் சடங்குக்குக் கதவு திறந்த அன்று, "இனித் தொடமாட்டேன்" என்று நேர்ந்துகொண்டு ஒரேயடியாக நிறுத்தினார். மறுநாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது, செத்துப்போன கூட்டாளி வாசலில் நிற்கிறான் என்று கத்தினார். அம்மன் வந்திருக்கிறது என்றார் ஒருவர், செய்வினை என்றார் இன்னொருவர். பூசாரி தண்ணீர் ஓதிக் கொடுத்தும் அடங்காமல், கடைசியில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ப் பத்து நாள் வைத்திருந்தார்கள். பிறகு இரண்டு தடவை கிளினிக் போனார். "எனக்கென்ன பைத்தியமா" என்று அதையும் விட்டுவிட்டார். கிளினிக் கொப்பி எங்கே என்றே தெரியாது.

ஆனால் அன்றிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இப்போது மாரி மழை, வேலை இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துவிடுகிறார். மகனோடு எரிந்து விழுகிறார். இத்தனை அடிச் சுவருக்கு எத்தனை கல், எத்தனை பை சீமெந்து என்று வாயாலேயே கணக்குச் சொன்னவர், இப்போது பாதியில் மறந்து நிற்கிறார். சாரத்தில் கால் தடுமாறுகிறது, ஏறப் பயம். "குடிச்சா நாலு கதை சொல்லிச் சிரிப்பார். இப்ப வீட்டில ஒரு பிரேதம் இருக்கிற மாதிரி" என்று எழுதியிருக்கிறார் சகோதரி. அவருடைய கேள்விகள்: மூளை கருகிவிட்டதா? பொங்கலுக்கு ஒரு பியர் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று அண்ணன் சொல்வது சரியா? ஒருவர் வாங்கித் தந்த "குடி நிறுத்தும் குளிசையை" கறிக்குள் போடலாமா? வீடு சீதனமாகத் தன் பெயரில் இருப்பதால், மறுபடி குடித்தால் வெளியே அனுப்பலாமா? கடைசி வரி: "என்ட பழைய மனுசன் திரும்பி வருவாரா டொக்டர்?"

தங்கச்சி, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் அவருடைய உயிரோடு சம்பந்தப்பட்டது.

அந்த மூன்று நாள்

அவருக்கு வந்தது அம்மனுமில்லை, செய்வினையுமில்லை. பல வருடம் தினமும் குடித்த மூளையிலிருந்து மதுசாரத்தைத் திடீரென்று பிடுங்கியதால் வந்தது. மூளையை அமைதிப்படுத்தும் ரசாயனம் ஒன்று உண்டு, காபா என்று பெயர். முடுக்கிவிடுகிற ரசாயனம் குளூட்டமேட். மதுசாரம் முதலாவதற்குக் கை கொடுத்து, இரண்டாவதை அமுக்கி வைக்கும். இது தினமும் நடந்தால் மூளை சும்மா இருக்காது. சமன் செய்வதற்காகத் தன் பங்குக்கு அமைதியைக் குறைத்து முடுக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் சாராயத்தை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது முடுக்கம்தான். கடைசிக் குடிக்கு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு மருத்துவம் கிடைக்காவிட்டால் ஆள் இறந்துபோகலாம்.

வைகாசி வந்தால் எங்கள் வாட்டுக்கு இப்படி ஓரிருவர் வருவது புதிதல்ல. கதவு திறப்பதிலிருந்து சடங்கு முடிகிற குளிர்த்தி வரை ஊரே விரதம். குடிக்கிறவர்களும் நிறுத்துவார்கள். எப்போதாவது குடிப்பவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. காலையில் கை நடுங்குகிறவருக்கு அது ஆபத்து. நேர்த்தியை நான் குறை சொல்லவில்லை. ஆறு மாதம் அவரைத் தாங்கி வந்ததில் அந்த நேர்த்திக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் இதை நன்றாக நினைவில் வையுங்கள்: ஒருமுறை இப்படி வலிப்பு வந்த மூளைக்கு அடுத்த முறை இன்னும் மோசமாக வரக்கூடும். அவர் மறுபடி சில கிழமை தொடர்ந்து குடித்துவிட்டால், "இன்றைக்கே நிறுத்து" என்று வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம். ஆசுபத்திரியில் வைத்து, மருந்தோடு, பி1 விற்றமின் ஊசியோடு நிறுத்த வேண்டும். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ கண்டால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். பூசாரியைப் பிறகு பார்க்கலாம்.

மூளை கருகவில்லை

"கருகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் சரியில்லை. என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை இதற்குள்தான் இருக்கிறது.

மூளையில் தள்ளித் தள்ளி இருக்கும் பகுதிகள் கூட்டுச் சேர்ந்து ஒரே தாளத்தில் இயங்குகின்றன. இவற்றை வலையமைப்புகள் என்கிறோம். உங்கள் கணவரின் கதைக்கு மூன்று போதும். ஒன்று, "இதைக் கவனி" என்று மணியடிப்பது. இன்னொன்று, நெற்றிக்குப் பின்னால் இருந்துகொண்டு கணக்கைப் பிடித்து வைப்பது, திட்டம் போடுவது, நாக்கையும் கையையும் அடக்குவது. மூன்றாவது, வேலை ஏதுமில்லாமல் சும்மா இருக்கும்போது ஓடுவது. பழைய நினைவு, தன்னைப் பற்றிய யோசனை, கவலை எல்லாம் அங்கேதான். நல்ல நிலையில் இவை ஒன்றுக்கொன்று இடம்விட்டு மாறி மாறி வேலை செய்யும்.

நீண்ட காலக் குடி இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. மணி போத்தலுக்கு மட்டும் பலமாக அடிக்கப் பழகுகிறது. சனிக்கிழமைச் சம்பளம், பின்னேரம் ஐந்து மணி, தவறணைச் சந்தி, பழைய கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம், எல்லாமே மணிதான். தொடக்கத்தில் "குடிப்போமா" என்று யோசித்துக் குடித்தவர், வருடம் போகப் போக யோசிக்காமலே குடிக்கிறார். பழக்கத்தை நடத்துகிற பகுதிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிடுகின்றன. அடக்குகிற பகுதியோ மதுசாரத்தால் அதிகம் அடிபடுகிற இடங்களில் ஒன்று. அவர் கணக்கை மறப்பதும் மகனிடம் எரிந்து விழுவதும் இங்கிருந்துதான். சாரத்தில் கால் தடுமாறுவதற்கு, உடம்பின் சமநிலையைப் பார்க்கிற சிறுமூளை காரணமாக இருக்கலாம். அதுவும் மதுசாரத்துக்குச் சீக்கிரம் பழுதாகிற இடம்.

அந்தப் "பிரேதம்" விசயத்துக்கு வருவோம். மகிழ்ச்சியோடு தொடர்புள்ள டோபமீன் என்ற ரசாயனத்தை வருடக்கணக்காகச் சாராயம் வெள்ளமாகத் திறந்துவிட்டதால், அதை ஏந்துகிற இடங்களை மூளை குறைத்துக்கொண்டது. இப்போது மகளின் சிரிப்பு, நல்ல மீன்குழம்பு, கோவில் பறைச் சத்தம், எதுவும் அவருக்குள் போய்ப் படுவதில்லை. அதே நேரம் பயத்தையும் பதற்றத்தையும் கிளப்புகிற பகுதி, குடி நின்ற பிறகும் பல மாதம் தேவைக்கு மேல் விழித்துக்கொண்டிருக்கும். அவர் உங்கள் மேல் வெறுப்பில் இப்படி இல்லை. குடித்தபோது சொன்ன நாலு கதையும் சாராயத்தின் கதைதான். கடைசி வருடங்களில் சந்தோசத்துக்காக அல்ல, நடுக்கத்தை நிறுத்துவதற்காகக் குடித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இனி நல்ல செய்தி. குடியால் மெலிந்த மூளையின் மேற்பட்டை, குடியை விட்ட முதல் மாதத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் தடித்து வருவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகைப்பவர்களில் இந்த மீட்சி மந்தம் என்பதால், சாராயத்துக்குப் பதிலாக அவர் சிகரெட்டைக் கூட்டியிருந்தால் கவனியுங்கள். எனக்குப் பிடித்த ஆய்வு இன்னொன்று. 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது. குடிக்கு ஒருபோதும் அடிமையாகாதவர்கள், விட்டுச் சில மாதம் ஆனவர்கள், விட்டுப் பல வருடம் ஆனவர்கள், இவர்களையெல்லாம் சும்மா படுக்க வைத்து, எந்தப் பகுதி எதோடு தாளம் சேர்கிறது என்று பார்த்தார்கள். பல வருடம் விட்டிருந்தவர்களின் மூளை, குடிக்காதவர்களின் மூளையைப் போல ஆகியிருக்கவில்லை. ஆசையைக் கிளப்புகிற வலையோடு தொடர்பு குறைந்தும், அடக்குகிற வலையோடு தொடர்பு கூடியும் இருந்தது. குடிக்காதவர்களை விடவும் கூட. சில மாதம் ஆனவர்களிடம் அதே போக்கு, ஆனால் பலம் குறைவாக.

பழைய நிலைக்குத் திரும்பிப் போகாமல், மூளை புதிதாக ஒன்றைக் கட்டுகிறது என்று இதை வாசிக்கலாம். சின்ன ஆய்வுதான். ஒரே ஆட்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்ததுமல்ல. அடக்குகிற வலை முதலிலிருந்தே பலமாக உள்ளவர்கள்தான் பல வருடம் தாக்குப்பிடித்தார்களோ என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. என்றாலும் ஆறு மாதம் என்பது வேலை நடக்கிற காலம், முடிந்த காலமல்ல என்பதை என் கிளினிக்கில் வருகிறவர்களிடமும் பார்க்கிறேன். கொங்கிறீட் போட்ட மறுநாளே யாராவது முட்டுக் கழற்றுவார்களா என்று அவரிடமே கேளுங்கள். மேசனுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பொங்கல் பியர்

வேண்டாம். உங்கள் அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் கணக்கு அவருக்குத் தெரியாது. நம் கடைகளில் விற்கிற கடும் பியரில் 8.8 வீதம் மதுசாரம். 625 மில்லிலீற்றர்ப் பெரிய போத்தல் ஒன்றில் 55 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு கால் போத்தல் சாராயத்தில் உள்ள அளவு அது. "பியர்தானே" என்பது பெயரில் மட்டும்தான் மெல்லியது.

குடியைக் குறைத்துக்கொள்வது சிலருக்குச் சரிவரும். வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்துபோன ஒருவருக்கு அந்த வழி இல்லை. முதல் போத்தலோடு விழுந்துவிடுவார் என்று பயம் காட்ட மாட்டேன். முதல் போத்தலில் ஒன்றும் நடக்காமலும் போகலாம். அதுதான் பிரச்சினை. "பார், ஒன்றும் ஆகவில்லை" என்று மாசி மாதமும் ஒன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு. பழைய மணி இன்னும் தலைக்குள் இருக்கிறது, அடிக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். அண்ணனுக்குப் பொங்கலுக்கு முதல் கிழமையே நீங்கள் போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். சபையில் வைத்துக் கணவர் மறுக்க வேண்டிய நிலையை வைக்காதீர்கள். மச்சான் நீட்டுகிற கிளாசை எல்லோர் முன்னாலும் தள்ளுவது நம் ஆண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

கறிக்குள் குளிசை

இதை மட்டும் செய்யவே வேண்டாம். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அது டைசல்பிராம் ஆக இருக்கலாம். அது குடி ஆசையைக் குறைக்கிற மருந்தல்ல. மதுசாரம் உடைபடும்போது உண்டாகிற ஒரு நச்சை உடம்பு அகற்ற முடியாமல் தடுக்கும். மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கி, சிலருக்கு இதயமே தாக்கப்படும். கடைசிக் குளிசைக்குப் பிறகு இரண்டு கிழமை வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து விழுங்குகிறவர் அந்தப் பயத்தை வைத்துக் குடியைத் தள்ளிப்போடுவார். தெரியாமல் விழுங்குகிறவருக்கு அந்தப் பயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஈரல் பழுதும் வரலாம். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் சோற்றை இனி நம்பிச் சாப்பிடுவாரா?

ஆசையைக் குறைக்கிற மருந்துகள் வேறு உண்டு. நல்ற்றெக்சோன், அகாம்புறோசேற் என்று பெயர். அவருக்கு எது பொருந்தும் என்பதை ஈரல் பரிசோதனை, சிறுநீரகப் பரிசோதனை பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து.

வீடு உங்கள் பெயரில்

நான் சட்டத்தரணி அல்ல, அதனால் சுருக்கமாக. சீதன வீடு என்பதற்காக, நோயிலிருந்து எழும்புகிற ஒருவரை மிரட்டுவது பயன் தராது. ஆனால் அடி வேறு. மூளையில் என்ன மாற்றம் நடந்திருந்தாலும் அது கை நீட்டுவதற்கு அனுமதிச்சீட்டு அல்ல. இதை அவரிடமும் சொல்வேன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் உங்கள் வீட்டுக்குள் வராமல் தடுக்கவும் அந்தக் கட்டளையில் இடமுண்டு. விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை, வீடு யாருடையது என்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. முதல் படியாகப் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பேசலாம், அல்லது 1938 என்ற பெண்களுக்கான இலக்கத்துக்கு அழைக்கலாம். மறுபடி குடித்தால், அடித்தால், அன்றிரவு பிள்ளைகளோடு யார் வீட்டுக்குப் போவது என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

இந்த மாரிக்குள்

குடியால் வந்த மனச்சோர்வு பொதுவாக விட்ட சில கிழமைகளில் இறங்கத் தொடங்கும். ஆறு மாதமாகியும் முகம் இறுகிக் கிடப்பது, விடியப்புறம் விழிப்பது, எதிலும் நாட்டமில்லாதது, இவற்றை "குடி விட்டால் அப்படித்தான்" என்று தள்ளிவிடக் கூடாது. தனியாக மனச்சோர்வு இருக்கலாம். செத்துப்போன கூட்டாளி பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அவர் யார், எப்படிப் போனார் என்று வீட்டில் எப்போதாவது பேசியதுண்டா? எங்கள் மாவட்டத்தில் அந்த வயது ஆண்கள் பலர் பேசாமல் குடித்த விசயங்கள் உண்டு. "செத்தால் நல்லது" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.

நித்திரைக்காகப் பார்மசியில் குளிசை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவற்றில் சில, சாராயம் பிடித்த அதே இடத்தையே மூளையில் பிடிப்பவை. குடி நின்ற பிறகு நித்திரை பல மாதம் குழம்பியிருப்பது வழமை. பின்னேரத் தேத்தண்ணியைக் குறைத்து, பகல் படுக்கையை நிறுத்தி, ஒரே நேரத்தில் எழும்பப் பழகட்டும்.

வேலையில்லாத மழை நாள்தான் அவருக்குக் கூடாத நாள். சும்மா இருக்கும்போது ஓடுகிற வலையைப் பற்றிச் சொன்னேனே, அது கவலையைத்தான் அரைக்கும். முன்பள்ளிக்கு ஒரு தட்டு அடிக்கிற வேலை, கோவில் மதில் பூச்சு, சம்பளம் இல்லாவிட்டாலும் கைக்கு ஏதாவது கொடுங்கள். தரையில் நின்று செய்கிற வேலையாகப் பாருங்கள், சாரம் இப்போதைக்கு வேண்டாம். கணக்கை மனதில் பிடிக்காமல் கொப்பியில் எழுதட்டும். அதில் வெட்கமில்லை, பெரிய கொந்தராத்துக்காரர்களும் எழுதித்தான் செய்கிறார்கள். ஆனால் மறதி கூடிக்கொண்டே போனால், அல்லது நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னால், உடனே காட்டுங்கள். பி1 குறைபாட்டால் வருகிற நினைவிழப்பு தானாக மாறாது.

மகனைப் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் ஒன்று. 15 வயதுப் பிள்ளைக்கு அடக்குகிற பகுதி இன்னும் பத்து வருடம் வளர இருக்கிறது. பரம்பரையாகவும் ஒரு பங்கு வரும். அப்பாவுக்கு என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் 2008இல் கைப்பிடித்தவர் அப்போதே மூன்று வருடம் குடித்திருந்தவர். 16 வருடத்தில் நீங்கள் பார்த்தது, வெறியில் சிரித்தவரையும் வெறி முறிந்து நடுங்கியவரையும். குடிக்காத 41 வயது மனிதரை நீங்களும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. அதனால் பழைய மனுசன் வருவாரா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது வீட்டில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வருடமாவது கொடுங்கள். வைகாசியில் கதவு திறக்கும்போது அது நிறைவாகும்.

அதற்கு முன், உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு இரண்டு பேருமாகப் போங்கள். "பைத்தியமா" என்று கேட்டால், நித்திரைக்கும் கணக்குக்கும் மருந்து கேட்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், பொய்யில்லையே. கொப்பி தொலைந்தது பெரிய விசயமல்ல, பெயரையும் வாட்டில் இருந்த மாதத்தையும் சொன்னால் புதிது போட்டுத் தருவார்கள்.